தேசப்பன் ஏன் சிரிப்பதில்லை?

9

தேசப்பன் தலையில் ஒட்டியிருந்த வயர்களை எண்ணிக்கொண்டிருந்தேன். உச்சந்தலை, நெற்றி, கண்ணோரம், காதுக்குப் பின்னால், தாடைக்குக் கீழே என்று பதினொன்று வரை வந்துவிட்டேன். மனிதர் ராயபுரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் மூன்றாம் மாடியில், கட்டில் விளிம்பில், தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னாண்ணா, எங்க தெரு கேபிள்காரன்கூட இவ்ளோ வயரு வுட மாட்டான். எந்த சேனலு வருது?" என்றேன்.

தேசப்பன் கீழுதட்டைக் கடித்தார். அப்படியே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

என் ஜோக்குக்குச் சிரிக்காதவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அடிக்க வந்தவர்களும் உண்டு. சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்ட ஆளை அன்று காலையில்தான் பார்த்தேன். போய்யா, பெரிய இவரு என்று மனதுக்குள் திட்டிவிட்டு வெளியே வந்தேன்.

என் பெயர் வல்லரசு. இந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஐம்பது கிலோ உடம்போடு வியாசர்பாடியில் நடமாடுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும். தண்டையார்பேட்டையில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இருக்கும் துப்பறியும் நிலையத்தில் வேலை. நிலையம் என்றால் ரமாபாய் அக்கா, நான், கால் ஆடுகிற ஒரு மேஜை. பதினோரு வருஷம் போலீஸில் இருந்துவிட்டு, சல்யூட் அடித்துக் கை வலிக்கிறது என்று வேலையை உதறியவர் அக்கா.

கேஸ் இதுதான். இருபத்தாறு நாளைக்கு முன்னால், எண்ணூர் பக்கத்துக் குப்பம் ஒன்றிலிருந்து விடியற்காலையில் ஒரு ஃபைபர் படகு கடலுக்குப் போனது. போனது இரண்டு பேர், பொன்ராஜும் தேசப்பனும். திரும்பி வந்தது தேசப்பன் மட்டும். காலில் வலை சுற்றிய பொன்ராஜின் உடல் மறுநாள் முகத்துவாரத்தில் ஒதுங்கியது. போலீஸ் விபத்து என்று எழுதி மூடிவிட்டது. குப்பம் மூடவில்லை.

ஊர்ப் பஞ்சாயத்தில் தேசப்பன் சொன்னது ஒரே ஒரு வரி. "குட்சிட்டு போட்லயே தூங்கிட்டேன். அவரு வுழுந்தது தெரியாது."

குப்பம் அதைவிட மோசமாக நினைத்தது. வலை இழுக்கும்போது ஒருவரை ஒருவர் கலாய்க்காமல் அந்த ஆட்களுக்குக் கை ஓடாது. பக்கத்துப் படகுக்குக் கேட்கிற மாதிரி சிரிப்பார்கள். ஆனால் மூன்று வருஷமாக அந்த ஒரு படகில் சத்தமே இல்லை. இத்தனைக்கும் கரையில் பொன்ராஜ் வாயைத் திறந்தால் குப்பமே வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். அப்போதும் தேசப்பன் மட்டும் எழுந்து போய்விடுவார். போதாததற்கு, நடுக்கடலில் பொன்ராஜ் அவர் இடுப்பில் கயிறு கட்டி வைத்திருந்ததை நாலு படகுக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். மாட்டைக் கட்டுவதுபோல் கட்டினவனை மனுஷன் எத்தனை நாள் பொறுப்பான், சமயம் பார்த்துத் தள்ளிவிட்டான் என்பது ஊர்த் தீர்ப்பு.

அந்தத் தீர்ப்புக்கு ஒரே ஒரு ஆளின் வார்த்தைதான் பாக்கி. பொன்ராஜின் மனைவி ரேகா. தேசப்பனின் கூடப்பிறந்த தங்கை. இன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு, அண்ணன் மேல் வழக்கு உண்டு என்று அவள் சொன்னால், தேசப்பன் பெண்டாட்டியையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஊரை விட்டே போக வேண்டும்.

"எங்க அண்ணன் எங்க வூட்டுக்காரர கொன்னுச்சா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க மேடம். அப்பால நான் வாயத் தொறக்குறேன்" என்று போன வாரம் எங்கள் மேஜைக்கு முன்னால் நின்று சொன்னாள். அழவில்லை. அழுது முடித்துவிட்டிருந்தாள்.

அக்கா முதலில் சாராயக் கடைகளுக்கெல்லாம் என்னை அலையவிட்டார். தேசப்பன் குடித்து யாரும் பார்த்ததில்லை. தூங்கித்தான் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். மீன் ஏலத்தில், பஸ்ஸில் நின்றுகொண்டே, வலையில் ஓட்டை அடைக்கும்போது நூல் விரலில் இருக்கையிலேயே. அதனால்தான் அக்கா தன்னோடு புளியந்தோப்பில் பள்ளிக்கூடம் படித்த டாக்டர் தேவகிருபையிடம் அவரைக் கொண்டுவந்து சேர்த்தார். நேற்று ராத்திரி முழுக்க வயர் மாட்டித் தூங்க வைத்துப் பார்த்தாயிற்று. இன்று பகலிலும் சோதனை. மணி இப்போது ஒன்றரை.

டாக்டர் பக்கத்து அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். திரையில் கோடுகள் ஓடிக்கொண்டிருந்தன.

"கொறட்டை வியாதிதானே டாக்டர்? எங்க மாமா வுடற கொறட்டைல பக்கத்து வூட்டு நாயி குடி மாறிடுச்சு" என்றேன்.

"அதுதான் நிறைய பேருக்கு வரும். தூக்கத்துல தொண்டை அடைச்சுக்கும், மூச்சு நின்னு நின்னு வரும். ராத்திரி நூறு தடவை முழிச்சாலும் அவங்களுக்கே தெரியாது, மறுநாள் பூரா சொக்குவாங்க. உங்க மாமாவ கூட்டிட்டு வாப்பா, விளையாட்டு இல்ல" என்றார் டாக்டர். "ஆனா இவருக்கு அது இல்ல. மூக்குல வெச்ச குழாய் மூச்சு சீரா போச்சுன்னு சொல்லுது. விரல்ல மாட்டின கிளிப்புல ஆக்சிஜன் குறையவே இல்ல. சில பேருக்குத் தூக்கத்துல கால் உதறும், அதுக்கும் கால்ல வயர் வெச்சேன். அதுவும் இல்ல. ஏழு மணி நேரம் படுக்கையில தூங்கியிருக்காரு."

"அப்போ ஒடம்பு நல்லா கீது."

"அப்படியும் பகல்ல சொக்குறாரே, அதான் கேள்வி. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை விளக்க அணைச்சுப் படுக்க வெச்சோம். ராத்திரி நல்லா தூங்கினவங்களுக்குப் பகல்ல அவ்வளவு சீக்கிரம் தூக்கம் பிடிக்காது. இவர் ரெண்டே நிமிஷம். அதுவும் நேரா கனவுக்குள்ள போறாரு. நமக்கெல்லாம் கனவுக்குப் போக ஒண்ணரை மணி நேரமாவது ஆகும். மூணு தடவையும் அப்படித்தான். இதுக்குப் பேரு நார்கோலெப்ஸி. முழிப்பையும் தூக்கத்தையும் தனித்தனியா வைக்கிற ஏற்பாடு மூளையில கெட்டுப் போச்சு. பெரிய டாக்டர்களே பல வருஷம் சோம்பேறித்தனம்னு தப்பா நினைக்கிற வியாதி."

"முட்ஞ்சிதுக்கா!" நான் கையைத் தட்டினேன். "வியாதில தூங்கிட்டாரு. கொலையும் இல்ல, குடியும் இல்ல. வா, போய் டீ குடிப்போம்."

அக்கா அசையவில்லை. "தூங்கிட்டேன்னு மட்டும் சொல்லி இருக்கலாமே வல்லரசு. குடிக்காத ஆளு, குட்ச்சேன்னு எதுக்கு சேத்துக்கினாரு?"

"ஊரு நம்பணும்னு."

"தம்மேல அசிங்கத்த தானே எடுத்துப் பூசிக்கினு கீறாரு. அப்போ உள்ள வெச்சிகினு கீறது அத வுட கேவலம்னு நெனைக்கிறாரு. அது இன்னா?"

அக்கா பையைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். பின்னாலேயே போனேன். பெஞ்சில் ரேகா உட்கார்ந்திருந்தாள். அண்ணன் இருந்த அறைக் கதவை விட்டுத் தள்ளி, கடைசி பெஞ்ச்.

அக்கா பையிலிருந்து ஒரு நீல நைலான் கயிற்றை எடுத்தார். தேசப்பன் இடுப்பில் கிடந்த அதே கயிறு. இடுப்பைச் சுற்றும் இடத்தில் மட்டும் தடிமனாகத் துணி சுற்றி, வலை நூலால் நெருக்கமாகத் தைத்திருந்தது.

"இந்தத் துணி தெரியுதா பாரு."

ரேகா கையில் வாங்கினாள். அவள் விரல் ஒரு பச்சைக் கட்டத்தில் நின்றுவிட்டது. "அவரு லுங்கி. கிழிஞ்சிப் போச்சு, தூக்கிப் போட்டுட்டேன்னு சொன்னாரு."

"மாட்ட கட்றவன் கயித்துக்கு மெத்த தெக்க மாட்டாம்மா. போட்ல கட்டி அளந்து பாத்தேன். வலை இழுக்க எல்லா பக்கமும் போலாம். ஓரத்த தாண்டி கடல்ல மட்டும் வுழ முடியாது. ஒன் வூட்டுக்காரரு அவர கட்டிப் போடல. காப்பாத்திகினு இருந்தாரு."

"தூங்கி வுழுந்துடுவாருன்னா?"

"தூக்கம் வந்தா ஒக்காருவாங்க, படுப்பாங்க. நின்னுகினு கீறப்பவே பொத்துனு சாயறவனுக்குத்தான் கயிறு வேணும்." அக்கா என் பக்கம் திரும்பினார். "காலைல நீ ஜோக்கட்ச்சியே, அவரு இன்னா பண்ணாரு?"

"செவுத்த பாத்துகினாரு. மருவாத தெரியாத ஆளு."

"அதுக்கு முன்னால?"

"ஒதட்ட கடிச்சாரு."

அக்கா டாக்டர் அறைக் கதவைத் திறந்தார். "கிருபா, சிரிச்சா எதுனா ஆவுமா இந்த வியாதில?"

டாக்டர் நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பினார். "ஆகும் ரமா. பாதிப் பேருக்கு மேல ஆகும். சிரிப்பு, சந்தோஷம், அதிர்ச்சி, எது வந்தாலும் ஒடம்பு துவண்டு விழுந்துரும். அவர்கிட்ட கேட்டேன். அப்படி எதுவும் இல்லன்னு அடிச்சு சொல்லிட்டாரு."

"அடிச்சு சொன்னாரு இல்ல? வல்லரசு, போய் சிரிக்க வை."

"கட்டில் மேலேயே இருக்கட்டும். நீ பக்கத்துல நின்னுக்க" என்றார் டாக்டர்.

என் வாழ்க்கையில் ஒரு ஜோக் சொல்வதற்கு அவ்வளவு தயங்கியதில்லை. கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொருக்குப்பேட்டையில் நடந்த என் சொந்த மானக்கேட்டை எடுத்துவிட்டேன்.

"ஒரு ஆள ஃபாலோ பண்ணிகினு பந்தல் போட்ட வூட்ல பூந்துட்டேண்ணா. எல போட்டுட்டாங்க, நானும் குந்திட்டேன். யார்ரா நீன்னு ஒருத்தன் கேட்டான். கல்யாண வூடுதானேன்னு, மாப்ளையோட தோஸ்துன்னேன். அவன் கம்முனு செவுத்த காட்றான். எம்பது வயசு தாத்தா போட்டோ, மால போட்டு மாட்டி வெச்சிகிறாங்க. கருமாதிண்ணா அது! நான் எழுந்து ஓடப் பாத்தா ஒரு ஆயா என்னக் கட்டி புட்ச்சிகினு, 'இத்தினி நாளு எங்கடா போயிருந்த, ஒன் பேர சொல்லித்தான்டா உசுரு வுட்டாரு'ன்னு ஒரே அயுவ. நானும் அயுதேண்ணா. வடை வேற நல்லா இருந்துச்சு."

தேசப்பன் உதட்டைக் கடித்தார். தோள் குலுங்கியது. அப்புறம் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். நல்ல சிரிப்பு, முகமே வேறு மாதிரி ஆகிவிட்டது.

மறு நொடி தாடை தொங்கியது. தலை முன்னால் விழுந்தது. அத்தனை பெரிய உடம்பு ஈரத் துணி மாதிரி என் மேல் சரிந்தது.

"ஐயோ டாக்டர், செத்துட்டாரு!" என்று கத்தினேன்.

டாக்டர் ஓடி வந்து அவரைப் படுக்க வைத்தார். பதறாமல் பக்கத்து அறைக் கதவை அகலமாகத் திறந்து திரையைக் காட்டினார். "தாடையில வெச்ச வயர் எது தெரியுதா? அந்தக் கோடு படுத்துருச்சு. சதையில துளி பலம் இல்ல. மேல இருக்கிறதெல்லாம் மூளைக் கோடு. பாரு, எவ்வளவு வேகமா ஓடுது. அவர் தூங்கல வல்லரசு. முழுசா முழிச்சிட்டு இருக்காரு. நாம பேசுறது ஒண்ணு விடாம அவருக்குக் கேக்குது. விரலைத்தான் அசைக்க முடியாது."

அக்கா கட்டில் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்போ அன்னிக்கும் கேட்டிருக்கும்" என்றார் மெதுவாக.

வாசலில் ரேகா நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ தெரியாது. கயிறு அவள் கையிலேயே இருந்தது.

ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. தேசப்பனின் விரல்கள் அசைந்தன. எழுந்து உட்கார்ந்தார். தங்கையைப் பார்த்ததும் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

அக்கா முக்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். "குடிக்கல. தூங்கவும் இல்ல. சொல்லுங்க தேசப்பன்."

முகத்திலிருந்து கையை எடுக்காமலே அவர் பேசினார்.

"மாப்ளைக்கு மட்டும்தான் தெரியும். ஊருக்கு தெரிஞ்சா பேய் பிடிச்சிருச்சும்பாங்க, எவன் கடலுக்கு இட்டுகினு போவான்? ரெண்டு பொட்டப் புள்ளைங்க. 'நான் வாய மூடிக்கிறேன் மச்சான், நீ வலைய இழு'ன்னாரு. மூணு வருசம் போட்ல ஒரு தமாசு பேசல. அவரு வாய் எப்டின்னு ஊருக்கே தெரியும். எனக்காக அடக்கிகினு இருந்தாரு."

"அன்னிக்கி?"

"கால் வழுக்கி தண்ணில வுழுந்தாரு. அது சகஜம், நீந்தி ஏறிடுவோம். மேல வந்தாரு பாருங்க, காதுல ஒரு நண்டு கவ்விகினு தொங்குது. 'மச்சான், ஒன் தங்கச்சி கம்மல் கேட்டுகினே கீறா, நான் மாட்டிகினு வந்துட்டேன் பாரு'ன்னாரு. மறந்துட்டாரு மேடம். மூணு வருசத்துல அன்னிக்கி ஒரு நாளு மறந்துட்டாரு. நான் சிரிச்சிட்டேன்."

ரேகாவின் கை தானாகக் காதுக்குப் போனது. கம்மல் துளை தூர்ந்துவிடாமல் இருக்கச் செருகிய துடைப்பக் குச்சிதான் காதில் இருந்தது.

"போட்டுக்குள்ள வுழுந்து கெடக்குறேன். கண்ணுக்கு வானம்தான் தெரியுது. அவரு கால்ல வல சுத்திகிச்சு, ஈயக் குண்டு கீழ இழுக்குது. 'மச்சான், கத்திய எடு, கத்திய எடு'ன்னு கூப்புடுறாரு. எல்லாம் கேக்குது. ஒரு வெரலு வரல. எழுந்துக்கப் பாக்குறேன், அவரு கொரல கேட்டதும் பதறி மறுபடி வுழுறேன்." தேசப்பன் மூச்சு வாங்கினார். "அப்பால அவருக்கு புரிஞ்சி போச்சு. நான் பதறினா இன்னும் நேரமாவும்னு அவருக்குத் தெரியும். 'சரி மச்சான், பதறாத. நான் கூப்புடல'ன்னாரு."

"அப்புறம்?"

"அப்பால கூப்புடல மேடம். நான் எழுந்து பாக்கறப்போ தண்ணி சும்மா இருந்துச்சு."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முழிச்சிகினே படுத்துகினு கேட்டுகினு இருந்தேன்னு எந்த வாயால சொல்லுவேன்? குடிகாரன்னு சொன்னா காறித் துப்பிட்டு வுட்ருவாங்க. அதான் சொன்னேன்."

"இதுக்கு மாத்திரை இருக்குப்பா" என்றார் டாக்டர். "முழுசா போகாது. ஆனா விழாம பாத்துக்கலாம். மூணு வருஷம் முன்னால யாராவது வந்திருந்தா..." முடிக்காமல் நிறுத்திக்கொண்டார். அந்த வார்த்தை எங்கள் நாலு பேரையும் அறுத்தது. எனக்கு அழுகை வந்தது. இவரைப் போய்க் காலையில் நான் மனதுக்குள் திட்டினேனே என்று வெட்கமாக இருந்தது.

ரேகா அண்ணனைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "குடிச்சிருக்கலாம்ணா நீ." திரும்பி விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டாள்.

அதற்கு என்ன அர்த்தம் என்று நான் பஸ்ஸில் அக்காவைக் கேட்டேன். "குடிகாரன்னா ஆயுசுக்கும் திட்டிகினு கெடக்கலாம். இப்போ அவ யார திட்டுவா?" என்றார் அக்கா. "சாயங்காலம் அவ இன்னா சொல்லுவான்னு எனக்குத் தெரியல வல்லரசு. நெஜத்த கண்டுபுட்ச்சி குடுத்தா அது நல்லதா முடியும்னு எவன் சொன்னான்?"

ஐந்து மணிக்குக் குப்பத்துக் கோயில் வாசல் மணலில் ஊரே உட்கார்ந்திருந்தது. தேசப்பன் ஒரு ஓரமாக நின்றார். அவர் மனைவி துணி மூட்டையைக் கட்டி எடுத்துக்கொண்டே வந்திருந்தாள். பெரிய பெண் சின்னவளின் கையைப் பிடித்திருந்தாள். அக்காவின் கையில் டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதம்.

"சொல்லும்மா. ஒங்க அண்ணன் மேல ஒனக்கு வழக்கு உண்டா?" என்றார் பஞ்சாயத்துத் தலைவர்.

ரேகா எழுந்தாள். கயிற்றை எல்லோருக்கும் தெரிய உயர்த்திப் பிடித்தாள். "இது எங்க வூட்டுக்காரரு லுங்கி. அண்ணன் இடுப்புல அறுக்கக் கூடாதுன்னு அவரே தெச்சாரு. ரெண்டு பேருக்கும் பகை இல்ல. எங்க அண்ணன் குடிக்கல. சிரிச்சா வுழுந்துடற நோவு அதுக்கு. அதுக்கோசரம்தான் போட்ல ரெண்டு பேரும் வாயக் கட்டிகினு இருந்தாங்க."

"சிரிச்சா எவனாச்சும் வுழுவானா?" என்று ஒருவன் கத்தினான். நாலு பேர் சிரித்தார்கள். அக்கா கடிதத்தோடு எழுந்தார்.

ரேகா காத்திருக்கவில்லை. "அண்ணன் மேல எனக்கு வழக்கு இல்ல. அது ஊர வுட்டு எங்கயும் போவாது, இங்கதான் இருக்கும்" என்றாள்.

தேசப்பனின் முழங்கால் மடங்கியது. நின்ற இடத்திலேயே மணலில் சரிந்தார். கூட்டம் பதறிப் பின்வாங்கியது. கையில இரும்பக் குடுங்க, தண்ணி தெளிங்க என்று ஆளாளுக்குச் சத்தம் போட்டார்கள். சிரித்த நாலு பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"யாரும் தொடாதீங்க!" ரேகா ஓடிவந்து மணலில் உட்கார்ந்து அண்ணனின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "தூங்கல. மயக்கமும் இல்ல. கேட்டுகினு கீது."

குனிந்து அவர் காதோரம் பேச ஆரம்பித்தாள். "அண்ணா, நான்தான். இருபத்தாறு நாளா நீ நாசமாப் போவணும்னு வேண்டிகினேன். அத்தன சாமிகிட்டயும் போயி திருப்பி வாங்கிகினு வந்துடறேன். ஏன்ணா எங்கிட்ட சொல்லல? ரெண்டு பேரும் ஏன்ணா எங்கிட்ட சொல்லல? நானே ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போயிருப்பேனே. அவரு இருந்திருப்பாரேண்ணா. பதறாத. மெதுவா எழுந்திரு. நான் எங்கயும் போவல."

தேசப்பனின் மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. ரேகா அதை முந்தானையால் துடைத்துவிட்டாள். அவர் எழுந்து உட்கார எவ்வளவு நேரம் ஆனதென்று நான் பார்க்கவில்லை. அதுவரைக்கும் அவள் பேச்சை நிறுத்தவில்லை.